முப்பதாவது வரி

மீன் சந்தையில் மொத்தம் நாற்பது கடை. முப்பத்து நாலு கடைக்கு முன்னால் ஆட்கள் நிற்பார்கள். மிச்சம் ஆறு கடைக்கு முன்னால் சாக்கடை நிற்கும். ஓடட்டும் என்றுதான் அதை வெட்டினார்கள். அது பிறந்த நாள் முதலாக ஓடிப் பழகவில்லை. செதில், குடல், நண்டுக் கால், உருகின ஐஸ், எவனோ கொப்பளித்துத் துப்பின டீ, எல்லாம் மிதந்து வந்து முப்பத்தேழாம் நம்பர் கடைக்கு நேர் எதிரே உள்ள கம்பி வலையில் கூடி, விருந்து முடிந்தும் கிளம்ப மனசில்லாத சொந்தக்காரர்கள் மாதிரி அங்கேயே கிடக்கும். மழை பெய்தால் தண்ணீர் மேலே வரும். வெயிலடித்தால் நாற்றம் மேலே வரும். இரண்டும் இல்லாத நாளில் ஈ வரும்.

அந்த முப்பத்தேழில் அக்கா இந்த மாதம் மூன்றாவது வாரமாக உட்கார்ந்திருந்தாள். சந்தையே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஆனால் கூடப் பிறந்த உரிமையில் கூப்பிடுகிறவன் ஒருத்தன்தான். அவனுக்குச் சந்தையில் தராசு என்று பெயர். நாற்பது கடைத் தராசையும் பழுது பார்ப்பது அவன் தொழில். நாற்பது வயது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டுப் பின்னறையில் படுத்து, அக்கா போடுவதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வேலைக்கு வந்த புதிதில் அவனுடைய குரு சொல்லிக் கொடுத்த ஒரு பழக்கத்தை மட்டும் அவன் விட்டதே இல்லை. எந்தத் தராசைத் திறந்து எதைத் திருகினாலும், யார் சொல்லி, என்றைக்கு, எதற்காகத் திருகினோம் என்று ஒரு சீட்டில் எழுதி அதன் வயிற்றுக்குள் ஒட்டிவிட்டுத்தான் மூடுவான். அடுத்துத் திறக்கிறவனுக்கு வழி தெரிய வேண்டும் அல்லவா. அடுத்துத் திறக்கிறவனும் இவனேதான் என்பது வேறு விஷயம்.

சந்தையின் வெப்சைட்டை எழுதினவனும் அவன்தான். எலக்ட்ரானிக் தராசு வந்த காலத்தில் கம்ப்யூட்டர் கொஞ்சம் படித்திருந்தான். அந்தக் 'கொஞ்சம்' சந்தைக்கு நிறைய. ஐஸ் வண்டி எத்தனை மணிக்கு, யாருடைய சாவி தொலைந்தது, யார் வீட்டில் குழந்தை பிறந்தது என்று அதில் வரும். ஆனால் சனம் அதைத் திறந்து பார்ப்பது ஒரே ஒரு விஷயத்துக்காக. ஞாயிறு மதியம் அடுத்த வாரத்துக்கு யாருக்கு எந்தக் கடை என்று அது குலுக்கிப் போடும். அதற்கு முன்னால் தகரப் பெட்டியில் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர், பெரிய மீன் வியாபாரி, எப்போதும் வாசல் கடையையே எடுத்தார். நல்ல சீட்டை முன்கூட்டியே ஐஸில் வைத்துவிடுகிறார்கள், கை போட்டால் சில்லென்று தெரியும் என்று யாரோ கண்டுபிடித்து, பெரிய ரகளை ஆகி, கடைசியில் மெஷின் குலுக்கட்டும் என்று முடிவானது. முதல் குலுக்கலன்றைக்கு அக்கா எல்லார் முன்னாலும் எழுந்து, "என் தம்பிங்கறதுக்காக எனக்கு எதுவும் செய்யக் கூடாது, சொல்லிட்டேன்," என்றாள். சந்தை கை தட்டியது. தராசுவும் கை தட்டினான்.

அதெல்லாம் மூன்று வருஷத்துக்கு முந்தி.

முதல் மாதம் மெஷின் நேர்மையாகத்தான் குலுக்கியது. இரண்டாம் மாதம் தலைவருக்கே சாக்கடையோரம் விழுந்தது. அன்று சாயங்காலம் அவர் தராசுவின் பட்டறைக்கு வந்து, பழுதில்லாத ஒரு தராசைப் பழுது பார்க்கக் கொடுத்து, முதுகு வலியைப் பற்றிப் பேசினார். சாக்கடையோரம் சில்லிப்பு, முதுகுக்கு ஆகாது, தம்பி பார்த்துச் செய்தால் நல்லது. தராசு இளகின மனசுக்காரன். அதாவது, முகத்துக்கு நேரே மாட்டேன் என்று சொல்லத் தெரியாத கோழை; இளகின மனசு என்று அவனே அதற்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தான். ஒரு வரி எழுதினான். தலைவரின் பதிவு எண் வந்தால் அந்த ஆறு கடையைத் தாண்டிப் போ என்று மெஷினுக்கு உத்தரவு. பக்கத்திலேயே, மெஷின் படிக்காத, மனுசன் மட்டும் படிக்கிற குறிப்பாக, பழக்க தோஷத்தில் எழுதினான்: 'தலைவர். முதுகு வலி. நேரில் வந்து கேட்டார்.' தேதியும் போட்டான்.

பிறகு நண்டுக்காரி வந்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு. அப்புறம் இறால்காரருடைய மனைவிக்கு ஆறாம் மாதம். அந்தக் குழந்தை பிறந்து, நடந்து, சந்தையில் நண்டைத் துரத்த ஆரம்பித்த பிறகும் அந்த வரி எடுபடவில்லை. எடுக்கச் சொல்லி யாரும் வரவில்லை. கருவாட்டுக்காரர், தன் சரக்குக்கு ஈரம் ஆகாது என்றார். அது ஒன்றுதான் ஓரளவு நியாயம். ஒவ்வொருத்தரும் தனியாக வந்தார்கள், குரலைத் தாழ்த்தினார்கள், வேறு யாருக்கும் செய்துவிடாதே, அப்புறம் மெஷினுக்கு மரியாதை இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். இப்படி இருபத்தொன்பது வரி. மிச்சம் பதினோரு பேர், அந்த ஆறு இடத்தில் மாறி மாறி விழுந்தெழுந்தார்கள். எங்களுக்கு ராசி இல்லை என்று அவர்களே கிண்டலும் பண்ணிக்கொண்டார்கள். சாக்கடைச் சொந்தம் என்று தங்களுக்கே பெயர் வைத்துக்கொண்டு, ஒரே சோப்பை ஆளுக்குப் பாதியாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மெஷின் பொய் சொல்லாது என்பதில் அவர்களுக்குத்தான் ரொம்ப நம்பிக்கை.

அந்தப் பதினொன்றில் அக்கா ஒருத்தி.

அவள் கால் இப்போது பார்க்கிற மாதிரி இல்லை. விரல் இடுக்கெல்லாம் வெந்து, தோல் ஈரக் காகிதம் மாதிரி வெள்ளையாக உரிந்து வந்தது. சர்க்கரை வேறு. ஆஸ்பத்திரி நர்ஸ் கட்டுப் போட்டுக்கொண்டே, ஒரு மாதத்துக்கு இந்தக் கால் தண்ணீரைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் சுண்டு விரலை எடுக்க வேண்டி வரும் என்று, தக்காளி விலை சொல்கிற குரலில் சொல்லிவிட்டாள்.

அன்று மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்கா புருஷன் சந்தையில் ஐஸ் உடைக்கிறவர். நாளெல்லாம் ஐஸ் கட்டியோடு மல்லுக்கட்டுவதாலோ என்னவோ, வாயைத் திறப்பதே அபூர்வம். அன்றைக்குத் திறந்தார்.

"மாப்ள, உன் மெஷின்கிட்ட ஒரு வார்த்த சொல்லேன். ஒரே ஒரு மாசம். கால் ஆறட்டும்."

தராசு பதில் சொல்வதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"அவன் எதுக்குச் சொல்லணும்? தம்பிய வச்சு எடம் பிடிச்சுட்டான்னு நாளைக்கு எவளாவது பேசறதுக்கா? விழுந்தா விழுது. மத்தவங்களுக்கு விழலையா?" பொரித்த மீனில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து தம்பி தட்டில் வைத்தாள். "என் தம்பி அந்த மெஷின்ல கை வைக்க மாட்டான். அவன எனக்குத் தெரியும்."

மீன் நன்றாகத்தான் வெந்திருந்தது. தராசுவுக்கு அது தொண்டையில் முள்ளோடு இறங்கியது. நடுத்துண்டில் முள்ளே இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் சங்கத்துக்கு ஒரு கடிதம் வந்தது. ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் காய்கறிச் சந்தைக்காரர்கள் எழுதியிருந்தார்கள். அவர்களுக்கும் கடை ஒதுக்குவதில் தினம் சண்டை. மீன் சந்தையில் மெஷின் வந்த பிறகு சண்டையே இல்லையாமே, அந்த வெப்சைட்டுக்குள் எழுதியிருக்கிற உத்தரவுகளை, அதாவது சோர்ஸ் கோடை, தர முடியுமா என்று கேட்டிருந்தார்கள். எங்களுக்கு மட்டும் வேண்டாம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கிற மாதிரி பொதுவிலேயே வைத்துவிடுங்கள், எந்தச் சந்தையும் எடுத்துக்கொள்ளலாம், தப்பு இருந்தால் திருத்தியும் தருவார்கள் என்றும் யோசனை சொல்லியிருந்தார்கள். தராசு அந்தக் கடைசி வரியை நாலு தடவை படித்தான்.

கடிதம் படிக்கப்பட்ட அரை மணி நேரத்தில் தலைவர் பட்டறைக்கு வந்துவிட்டார். இந்த முறை பழுது பார்க்க என்று ஒரு தராசு கூடக் கொண்டுவரவில்லை.

"தம்பி, அதுக்குள்ள நம்ம... அந்த விஷயம் இருக்கில்ல?"

"இருக்கு தலைவரே."

"எழுத்துலயா?"

"தேதியோட."

தலைவர் முதுகு வலியை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். "எதுக்குடா எழுதின?"

தராசு தன் சீட்டுப் பழக்கத்தைச் சொன்னான். தலைவர், அசிங்கத்தை மிதித்துவிட்டு எந்தக் கால் என்று பார்க்கிறவர் மாதிரி அவனைப் பார்த்தார். குறிப்பை மட்டும் அழித்துவிட்டு விஷயத்தை அப்படியே விட முடியாதா என்று கேட்டார். பதிவு எண் உள்ளே இருக்கிறது, படிக்கத் தெரிந்தவன் பத்து நிமிஷத்தில் கண்டுபிடிப்பான் என்றான் தராசு. விஷயத்தையும் எடுத்துவிட்டால் சுத்தமாகக் கொடுத்துவிடலாம். அப்புறம் எல்லாருக்கும் எல்லா இடமும் விழும். தலைவர் முகத்தைச் சுளித்தார். அது எப்படித் தம்பி சரியாக வரும் என்றார்.

பேச்சு காட்டுத் தீ மாதிரி பரவவில்லை. சாக்கடை மாதிரி, சத்தமில்லாமல், ஒவ்வொரு கடை அடியிலும் போய்த் தேங்கியது. அன்றும் மறுநாளும் தராசுவின் பட்டறைக்குப் பழுதில்லாத தராசாக வந்து குவிந்தது.

ஏலக் கொட்டகையில் கூட்டம் போட்டார்கள். பெஞ்சில் இடம் போதாமல் மீன் பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். தலைவர்தான் ஆரம்பித்தார். நம் தம்பி கண் முழித்து எழுதின சொத்து, அதைத் தூக்கித் தெருவில் வைப்பதா என்று உருகினார். மூன்று வருஷத்தில் அவர் தம்பிக்கு ஒரு டீ வாங்கித் தந்தவரில்லை. நண்டுக்காரி, உள்ளே இருப்பதைப் பார்த்தால் திருடர்கள் வந்து சந்தையையே கொண்டுபோய்விடுவார்கள் என்றாள். நண்டுகளைத் தவிர வேறென்ன கொண்டுபோவார்கள் என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. இறால்காரர், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சமையல் பக்குவம் உண்டு, அதை அடுத்த வீட்டுக்குச் சொல்வோமா என்றார். ஒவ்வொருத்தர் பேசும்போதும் தராசுவுக்கு அவரவர் வரி கண் முன்னால் ஓடியது. மூச்சிரைப்பு பேசுகிறது. ஆறாம் மாதம் பேசுகிறது. இந்தக் கூட்டத்தில் வாய் கூசாமல் பேச முடியாதவன் தான் ஒருத்தன்தான் என்று ஒரு கணம் பெருமையாகக் கூட இருந்தது. அடுத்த கணம், அந்த வரிகளையெல்லாம் எழுதின கை தன்னுடையதுதான் என்று ஞாபகம் வந்தது.

அக்கா கட்டுப் போட்ட காலை ஒரு பெட்டி மேல் நீட்டி வைத்திருந்தாள். அங்கிருந்தபடியே பேசினாள்.

"மீன் வாங்க வர்றவங்களுக்குச் செவுளத் தூக்கிக் காட்டுறோம்ல? உள்ள செவப்பா இருக்கா, பழுப்பா இருக்கான்னு பாத்துட்டுத்தான வாங்குறாங்க. காட்ட மாட்டேன்னு சொல்ற கடையில நாம வாங்குவோமா? என் தம்பி எழுதினதுல பழுப்பு ஒண்ணுமில்ல. தூக்கிக் காட்டுங்க."

ஒரு ஈ மட்டும் எல்லாருக்காகவும் பேசிக்கொண்டிருந்தது. தலைவர் அவசரமாக, கோடு வெளியே போகக் கூடாது என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றார்.

கைகள் எழுந்தன. செதில் ஒட்டின கை, மோதிரக் கை, உப்பில் வெடித்த கை. தராசு எண்ணவில்லை; எண்ணத் தேவையில்லை. ஆனால் அக்கா எண்ணினாள். இருபத்தெட்டு. கருவாட்டுக்காரர் மட்டும் பாவம், தான் கேட்டதையே மறந்துபோய், கையை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்திலிருந்த நண்டுக்காரி முழங்கையால் அவரை இடித்தாள். அவர் காதில் ஏதோ சொன்னாள். அவர் முகத்தில் மெதுவாக ஞாபகம் வந்தது. வேகமாகக் கை தூக்கினார்.

அக்கா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தூக்காத கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். கணவாய் விற்கிறவள், கிழங்கான் மீன் மாதிரி மெலிந்த பொடிமீன்காரர், அவர் மச்சினி. எல்லாம் அந்தப் பாதிச் சோப்புக்காரர்கள். இடமில்லாமல் கொட்டகை ஓரமாக நின்ற சாக்கடைச் சொந்தம். கடைசியாகத் தம்பியைப் பார்த்தாள். தராசு தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சோர்ஸ் கோடு வெளியே போகக் கூடாது என்று அந்தக் கூட்டம் முடிவு பண்ணியது. கோடு அதற்குள் இருபத்தொன்பது கையைத் தூக்கி வெளியே வந்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கட்டை மாற்றிக்கொண்டே சொன்னாள், "அந்தப் பொட்டிய எடுத்துட்டு வா."

தராசு லேப்டாப்பைக் கொண்டு வந்தான்.

"படி."

அவன் படித்தான். ஒரு வரி, ஒரு காரணம், ஒரு தேதி. அக்கா பஞ்சால் காலை ஒற்றிக்கொண்டே கேட்டாள். ஆறாம் மாதம் வந்தபோது, "அந்தக் குட்டிக்குப் பல்லே விழுந்திடும் போலிருக்கே," என்றாள். நண்டுக்காரியின் மூச்சிரைப்புக்கு, "அவளா? ஏலத்துல அவ கத்துனா அக்கரைக்குக் கேக்கும்," என்றாள். பஞ்சில் ஒட்டி வந்த தோலை ஒரு காகிதத்தில் வைத்து மடித்தாள். மச்சான் வாசல் பக்கம் திரும்பி நின்றிருந்தார். இருபத்தொன்பதாவதைப் படித்துவிட்டு தராசு லேப்டாப்பை மூடப் போனான்.

"கீழ இன்னொண்ணு இருக்கே."

"அது ஒண்ணுமில்லக்கா."

"இங்கிலீஷா இருந்தா விட்டிருப்பேன். தமிழ்ல இருக்கு. எனக்கும் படிக்கத் தெரியும்."

அவன் கையை விலக்கிவிட்டுத் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். எழுத்துக் கூட்டுகிறவள் மாதிரி மெதுவாக, சத்தமாகப் படித்தாள்.

"அக்கா. கேட்கவில்லை. கேட்டாலும் செய்ய வேண்டாம். யாராவது சந்தேகப்பட்டால் அக்காவே சாக்கடையோரத்தில் இருக்கிறாள் என்று காட்டலாம்."

மெஷினுக்கு உத்தரவு எதுவும் இல்லை, குறிப்பு மட்டும்தான். தேதியும் இருந்தது. அவள் தேதியையும் படித்தாள்.

எந்தத் தராசைத் திறந்தாலும் உண்மையான காரணத்தை எழுதித்தான் அவனுக்குப் பழக்கம். அக்கா கால் ஊறிக்கொண்டிருந்தது அவனுடைய நேர்மைக்கு விளம்பரப் பலகை என்பதை அன்றைக்கே அவன் அழகாக எழுதி வைத்துவிட்டான். மறைக்கக் கூடத் துப்பில்லாத அயோக்கியன் என்று தன்னைத் திட்டிக்கொள்ளப் பார்த்தான். அதுவும் கொஞ்சம் பாராட்டு மாதிரியே வந்தது. நிறுத்திக்கொண்டான்.

அக்கா அழவில்லை. திட்டவுமில்லை. வாயில் கசப்பு ஊறினவள் மாதிரி எழுந்து, ஒற்றைக் காலால் நொண்டிப் போய், வாசலில் துப்பிவிட்டு வந்தாள்.

"நான் கேக்கல. சரி. கேக்காதவளப் பாத்து ஒனக்கா ஒண்ணும் தோணலையா?"

அவன் லேப்டாப்பை மூடினான்.

"காய்கறிக்காரங்களுக்கு அதக் குடு. கழுவாம குடு. கொடலோட குடு. பொதுவுல வைக்கச் சொன்னாங்கல்ல, வையி. என் வரியும் இருக்கட்டும்."

"சங்கம் வேண்டாம்னு சொல்லிருச்சேக்கா."

"சங்கத்துக்குத்தான் நீ மாட்டேன்னு சொன்னதே இல்லியே. இன்னிக்குச் சொல்லு."

ஞாயிறு காலையில் தராசு அதை அப்படியே சந்தை வெப்சைட்டிலேயே ஏற்றினான். மேலே, 'இதுவரை குலுக்கின விதம்' என்று மட்டும் தலைப்புப் போட்டான். பத்து மணிக்கெல்லாம் சந்தை முழுக்கக் குனிந்த தலையாக இருந்தது. எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனுக்கு வெட்கத்தைப் பார்க்கலாம் என்று ஒரு நப்பாசை இருந்தது. அதெல்லாம் இல்லை. தன் வரியை ஒரு தடவையும் அடுத்தவர் வரியைப் பத்துத் தடவையும் படித்தார்கள். ஒனக்கு மூட்டு வலியா, எனக்குத் தெரியாதே என்று ஒருத்தரையொருத்தர் விசாரித்தார்கள். பத்தரைக்கு எல்லாரும் சமாதானமாகி, கோபத்தை ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். செய்தது பெரிய தப்பில்லையாம். மனுசனுக்கு மனுசன் செய்வதுதானாம். அதை எழுதி வைத்தானே, அதுதான் ஈனப் புத்தியாம். கருவாட்டுக்காரர் அவன் பட்டறை வாசலில் காறித் துப்பிவிட்டுப் போனார். சாக்கடைச் சொந்தக்காரர்கள் துப்பவில்லை. வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குத் துப்பியிருக்கலாம்.

மதியம், முப்பது வரியையும் எடுத்துவிட்டு, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, "நீயே அழுத்துக்கா," என்றான். அக்கா ஒரு விரலால், சூடு பார்க்கிறவள் மாதிரி, அழுத்தினாள். பட்டியல் வந்தது. முப்பத்தாறு, தலைவர். முப்பத்தெட்டு, நண்டுக்காரி. அவன் மனசுக்குள் ஒரு சின்னப் பட்டாசு வெடித்தது. நடுவில் முப்பத்தேழைப் பார்த்ததும் நமுத்துப்போனது.

முப்பத்தேழு, அக்கா.

மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். தராசுவின் விரல் தானாகவே விசைப்பலகைப் பக்கம் போனது. இன்னொரு தடவை ஓட்டினால் யாருக்குத் தெரியப்போகிறது. அக்கா அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

"இது யாரு போட்டது?" என்றாள்.

"யாரும் போடலக்கா. யார் வேணா படிச்சுப் பாத்துக்கலாம்."

"அப்ப சரி." அவள் சுவரில் மாட்டியிருந்த மீன் வெட்டுகிற கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "ஆஸ்பத்திரில என் காலுக்குத்தான தண்ணி ஆகாதுன்னாங்க. ஒன் காலுக்கு ஒண்ணும் சொல்லலையே."

திங்கட்கிழமை தராசு முப்பத்தேழில் உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்பது மரியாதைக்கு. எட்டு மணிக்கே தண்ணீர் கணுக்கால் வரை வந்துவிட்டது. பூட்ஸுக்குள் புகுந்து, விரல் இடுக்கில் வெதுவெதுப்பாக எதுவோ நெளிந்தது. குனிந்து பார்க்கத் தைரியமில்லை. வலையில் ஒரு பெரிய மீன் தலை மாட்டிக்கொண்டு, ஒற்றைக் கண்ணால் அவனையே பார்த்தது. குடலை எடுக்கத் தெரியாமல் பித்தப்பையை உடைத்தான். ஒரு வாடிக்கைக்காரம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். பக்கத்தில் முப்பத்தாறில் தலைவர் துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டு, கண் மட்டும் தெரிய உட்கார்ந்திருந்தார். மத்தியானம் வெயில் ஏறி, நாற்றமும் ஏறினபோது துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"நாத்தம் கொடலப் பிடுங்குது தம்பி."

"ஆமா தலைவரே."

"என் முதுகு நெஜமாவே வலிக்குதுடா. ஒரே ஒரு வரி..."

"எழுதலாம் தலைவரே. வலின்னா வலின்னே எழுதலாம். சந்தை பூரா படிக்கும், அவ்வளவுதான்."

தலைவர் கால்களைத் தூக்கிப் பெட்டி மேல் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து தராசு நாலு தடவை சோப்புப் போட்டான். எலுமிச்சம்பழம் தேய்த்தான். உப்பு வைத்துத் தேய்த்தான். அக்கா காய்ந்த காலை ஸ்டூல் மேல் நீட்டிக்கொண்டு, அவனுக்குத் தட்டு வைத்தாள். இன்றும் மீன்தான். ஒரு வாயை எடுத்து மூக்குக்கு நேரே கொண்டு போனான். மீன் மணக்கவில்லை, கை நாறியது. எடுத்ததைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"சாப்பிடு. பழகிடும்," என்றாள் அக்கா.

அவன் இன்னொரு தடவை கையைத் தூக்கினான். முடியவில்லை. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தட்டைத் தன் பக்கம் இழுத்து, முள்ளை எடுத்து, தன் கையால் பிசைய ஆரம்பித்தாள்.

"சும்மா சொன்னேன். எனக்குப் பழகல."